பதின்மூன்றும் பச்சை

மூன்றாம் எச்சரிக்கை என்றது ரேடியோ,
முதலில் பிரெஞ்சில், பிறகு கிரியோலில்.
எபேனில் கண்ணாடிக் கட்டடங்கள் மாடி மாடியாக விளக்கணைக்க
எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
ரோஸ் ஹில்லில் இருக்கிற பாத்திரத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து,
ஜன்னலுக்குப் பலகை அடித்து,
இனி மின்சாரம் போகும்வரை என்ன செய்ய?
திருத்தக் கிடந்த தீர்வுகளைத் திறந்தேன்.

கணக்கு நான் வைத்ததுதான்.
கியூர்பிப்பில் ஒரு பஸ் கிளம்புகிறது.
நிறுத்தம் தோறும் சிலர் ஏறுகிறார்கள்.
போர்ட் லூயி சேர்ந்ததும் சொல்:
நிறுத்தத்துக்குச் சராசரி எத்தனை பேர்?
சோதனைகள் பதின்மூன்று.
அதிலொன்றில் ஒன்பதாயிரம் நிறுத்தங்கள்.
இந்தத் தீவுக்கு அத்தனை நீளம் கிடையாது,
எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது.

இருநூற்றுப் பதினொரு பேர் அனுப்பியிருந்தார்கள்.
பெரும்பாலும் ஒரே முகம்:
கூட்டு, எண்ணு, வகு.
சிலர் மாறிகளுக்குக் காதலியின் பெயர் வைத்திருந்தார்கள்.
ஒருவர் கூட்டலை மூன்று முறை செய்திருந்தார்,
நம்பிக்கையில்லாத கடைக்காரர்போல.

பிறகு ஸூரித்.
கிரியோலில் ஆக்டோபஸ்;
ஆணா பெண்ணா தெரியாது,
ரொட்ரிக்ஸ் என்று மட்டும் ஊர் போட்டிருந்தது.
பதின்மூன்றும் பச்சை.
திறந்து பார்த்தால்
கூட்டல் இல்லை, வகுத்தல் இல்லை.
முதல் பட்டியல் வந்தால் நான்கு.
இரண்டாவது வந்தால் ஏழரை.
ஒன்பதாயிரத்துக்கு நீளத்தை மட்டும் பார்த்து
விடையை எடுத்து வைத்திருந்தது அந்தக் கை.
இப்படியே இருபத்தாறு வரிகள்.
இருபத்தேழாவதில்
"வேறெது வந்தாலும்: ஒன்றுமில்லை."
பக்கத்தில் ஒரு குறிப்பு,
"இன்னைக்கு பஸ் வராது."

கோபம் வந்தது.
பூஜ்யம் போடப் போன விரல்
கவரேஜ் அறிக்கையில் நின்றது.
இருபத்தாறு வரிகள் பச்சை.
அந்தக் கடைசி வரி மட்டும் சிவப்பு,
ஒரு சோதனையும் மிதிக்காத வரி.
என் மாதிரித் தீர்வுக்கோ நூற்றுக்கு நூறு.
ஒவ்வொரு வரியிலும் கால் பட்டிருக்கிறது.
கால் பட்ட இடமெல்லாம்
கண் பட்ட இடமா?

பலகை இடுக்கில் சாலையைப் பார்த்தேன்.
தேங்காய் மட்டை ஒன்று தனியாக உருண்டு போனது.
இந்த நேரத்துக்கு மூன்று பஸ்ஸாவது
ஹாரன் அடித்திருக்கும்.

திரும்பி வந்து பதினான்காவதை எழுதினேன்.
இரண்டு அடைப்புக்குறிகள்,
நடுவே ஒன்றும் இல்லை.
நிறுத்தமில்லை, ஏறியவரில்லை,
கியூர்பிப்பை விட்டு நகராத ஒரு செவ்வாய்க்கிழமை.

விடை என்ன என்று போட?
கோவிலெனை அழைத்தேன்.
"சைபர் போடு, தூங்கு" என்றான்.
சைபர் என்றால் பஸ் போனது, ஒருவரும் ஏறவில்லை;
இது அதில்லையே, பஸ்ஸே இல்லையே என்றேன்.
"சம்பளக் கணக்கில் ரெண்டும் ஒன்றுதான்" என்றான்,
அவன் அப்பா டிரைவராக இருந்தவர்.
அதற்கு மேல் கேட்கவில்லை, கோபுரம் விழுந்திருக்கலாம்,
அல்லது அவனே வைத்திருக்கலாம்.
"ஒன்றுமில்லை" என்று போட்டு ஓட்டினேன்.

இருநூற்றுச் சொச்சம் தீர்வுகள்
சைபரால் வகுத்து விழுந்தன, வரிசையாக.
அந்த வரிசையில் முதலாவது என்னுடையது.
நான்கு வருடமாக எல்லோருக்கும் காட்டுவது,
"சுத்தமாக எழுதுவது எப்படி" என்ற தலைப்பில்.
பச்சையாக நின்றது ஒன்றே ஒன்று,
எட்டுக் கையாலும் என்னைக் காப்பியடித்தது.

அதற்கு எத்தனை மதிப்பெண்?
என் சோதனைகளை என்னைவிடக் கவனமாகப் படித்ததற்கு ஏதாவது போடலாமா?
போட்டால், மற்ற இருநூறு பேர்
என் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்களா?
மின்விசிறி நின்றது.
பேட்டரியில் முப்பத்தொன்று.
கூரைத் தகட்டின் ஒரு மூலை
இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு
விடை தேடிப் படபடத்தது.

கருத்துக் கட்டத்தில் எழுதினேன்:
"கடைசி வரி சரி.
மற்ற இருபத்தாறையும் திரும்ப எழுதவும்."
அனுப்பு என்றதும் வட்டம் சுற்றத் தொடங்கி
சுற்றிக்கொண்டே இருந்தது.
அந்த வெளிச்சத்தில்
என் தீர்வைத் திறந்து
வகுக்கும் வரிக்கு மேலே
ஒரு வரிக்கு இடம் விட்டேன்.